மைக் ப்ரீஆம்ப் வாங்குமுன்: ஓதுவாருக்கும் தவிலுக்கும் நடுவில் ஒரு கணக்கு

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. கும்பகோணத்துப் பக்கம் பழைய வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். அந்த அறையில்தான் நான் ஒலிப்பதிவு செய்கிறேன். ஒரு நாள் வயதான ஓதுவார் ஒருவர் வந்து தேவாரம் பாடினார். மெல்லிய குரல். ஓசையைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசி வரை திருப்பியும் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. கணினியில் ஏற்றிக் கேட்டால், பதிகத்துக்குப் பின்னால் உஸ்ஸென்று மணல் கொட்டுகிற மாதிரி இரைச்சல்.

அதே வாரம் நாயனமும் தவிலும். குமிழ் அடியிலேயே கிடக்கிறது, முதல் சொல்லிலேயே சிவப்பு விளக்கு. தவில்காரர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "தம்பி, தவுலு நல்லாத்தான் பேசுது. உன் பொட்டிதான் அலறுது" என்றார்.

மைக்கிலிருந்து வருவதைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப், நல்லதாக ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். வாங்கியும் விட்டேன். எதுவும் சரியாகவில்லை. உண்மையில் நடந்தது என்னவென்றால், ஓதுவாருக்குக் குறைவான மின்னழுத்தம் தரும் டைனமிக் மைக்கையும் தவிலுக்கு அதிகம் தரும் கண்டன்சர் மைக்கையும் வைத்திருந்தேன். மாற்றி வைத்திருந்தால் பழைய பெட்டியே போதும். அந்தக் காசு போன வழியில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருவையாற்றில் பாட்டு கற்கும் பிள்ளைகளும், மன்னார்குடியில் மாணவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்ய நினைக்கும் வாத்தியார்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த ப்ரீஆம்ப் வாங்கட்டும்?" அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது.

முதலில்: ப்ரீஆம்ப் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா?

மைக்கிலிருந்து வருவது மிகச் சின்ன மின்னழுத்தம், சில மில்லிவோல்ட். அதைக் கணினி அளக்கக்கூடிய அளவுக்குப் பெருக்கித் தருவதே ப்ரீஆம்பின் வேலை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் பெட்டி வைத்திருந்தால் அதற்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. 'கெயின்' என்று எழுதிய குமிழ் அதனுடையதுதான். மிக்ஸரிலும் அப்படியே. புதிதாகத் தொடங்குகிறவர் தனி ப்ரீஆம்ப் தேட வேண்டியதில்லை, நல்ல ப்ரீஆம்ப் உள்ள இண்டர்ஃபேஸைத் தேடினால் போதும். தனிப் பெட்டி பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து: என்ன ஓசை, எவ்வளவு தூரம், எந்த மைக்

இந்த மூன்றும் தெரிந்தால் எவ்வளவு கெயின் வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். 6 டெசிபெல் கூடினால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு. 20 டெசிபெல் கூடினால் பத்து மடங்கு. அப்புறம், மைக்கின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 94 டெசிபெல் ஓசை மேலே பட்டால் அந்த மைக் எத்தனை மில்லிவோல்ட் தரும் என்பதே அது.

பலரும் ஆசைப்படும் ஷுர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக் தருவது 1.12 மில்லிவோல்ட். ரோட் என்டி1-ஏ என்ற கண்டன்சர் தருவது 25 மில்லிவோல்ட். ஏறக்குறைய 22 மடங்கு வித்தியாசம். டெசிபெலில் சொன்னால் 27. ப்ரீஆம்ப் எதையும் தொடுவதற்கு முன்பே இந்த 27 டெசிபெல் கையில் வந்துவிடுகிறது, அல்லது கைவிட்டுப் போகிறது.

இப்போது ஓதுவாரைக் கணக்கில் உட்கார வைப்போம். அவர் குரல் ஒரு முழத் தூரத்தில் 74 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 94-ஐ விட 20 குறைவு, அதாவது பத்தில் ஒரு பங்கு. எஸ்எம்7பி-யிலிருந்து 0.112 மில்லிவோல்ட் வரும். மின்னழுத்தத்தை டெசிபெலில் சொல்ல ஒலிப்பதிவுக்காரர்கள் பேசும் டிபியு அளவில் அது சுமார் -77. என்டி1-ஏ என்றால் சுமார் -50.

அடுத்து பெட்டி. அதன் விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கெயின் எவ்வளவு, குமிழ் அடியில் இருக்கும்போது மைக் துளை தாங்கும் உச்ச அளவு எவ்வளவு. என் பழைய பெட்டியில் கெயின் 56, உச்ச அளவு +9 டிபியு. ஒன்பதிலிருந்து 56-ஐக் கழித்தால் -47. குமிழை முழுக்கத் திருப்பினால் -47 டிபியு வரும்போது மீட்டர் உச்சியைத் தொடும் என்று அர்த்தம். 24 பிட்டில் பதிவு செய்யும்போது பாட்டின் சராசரி, உச்சிக்கு 18 டெசிபெல் கீழே நின்றால் வசதி. எஸ்எம்7பி தரும் -77, உச்சிக்கு 30 கீழே கிடக்கிறது. பன்னிரண்டு டெசிபெல் துண்டு விழுகிறது. என்டி1-ஏ வைத்திருந்தால் குமிழை 41-ல் வைத்தால் போதும். இன்னும் 15 மீதி.

இந்தத் துண்டை அடைக்க மூன்று வழி. மைக்கை மாற்றலாம். கெயின் அதிகமுள்ள பெட்டி வாங்கலாம்; இப்போது 69 டெசிபெல் வரை தரும் சின்ன இண்டர்ஃபேஸ்களே வந்துவிட்டன. மூன்றாவது காசில்லாத வழி: மைக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்துங்கள், 6 டெசிபெல் சும்மா கிடைக்கும். ரொம்ப நெருங்கினால் குரலில் அடிக்கட்டை கனக்கும், 'ப' வருகிற இடமெல்லாம் காற்று மோதும். ஒரு சாணுக்குக் குறையாமல் வையுங்கள், நடுவில் அந்தக் காற்றைத் தடுக்கும் வலை, பாப் ஃபில்டர்.

தவிலுக்கு இதே கணக்கு தலைகீழ். நெருங்கி வைத்த மைக்கில் அடியின் உச்சம் 130 டெசிபெல் என்று வைத்தால், என்டி1-ஏ ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தரும், சுமார் +6 டிபியு. பெட்டி தாங்குவது +9. வலந்தலையில் கூடு போட்ட விரல் ஒரு அழுத்து கூடுதலாக அழுத்தினால் முடிந்தது கதை. இங்கே எஸ்எம்57 மாதிரி சாதாரண டைனமிக் மைக் வைத்தால் அதே அடிக்கு -18 டிபியு அளவில்தான் வரும், பெட்டி நிம்மதியாக இருக்கும். கண்டன்சரேதான் வேண்டும் என்றால் 'பேட்' பொத்தான் தேடுங்கள். 10 அல்லது 20 டெசிபெல் குறைத்து அனுப்பும். பேட் மைக்கிலேயே இருந்தால் இன்னும் நல்லது. மைக்கின் உள்ளேயே ஓசை உடைந்துவிட்டால் பெட்டியில் இருக்கும் பேட் ஒன்றும் செய்ய முடியாது.

நாயனத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு, ப்ரீஆம்புக்குச் சம்பந்தமில்லாததுதான். குழலின் விரிந்த வாயான அணசுக்கு நேராக மைக்கை நீட்டாதீர்கள். ஓசை விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மூன்றடி தள்ளி, சற்று மேலிருந்து பார்க்கிற மாதிரி வைத்தால் குழல் முழுவதும் கேட்கும், ப்ரீஆம்புக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இரைச்சல் எண்ணும் ஃபேன் ஓசையும்

விவரத்தாளில் எல்லோரும் முதலில் தேடுவது ஈஐஎன் என்ற எண். ப்ரீஆம்ப் தானாகப் போடும் உஸ் சத்தத்தின் அளவு அது. -128 டிபியு என்ற மாதிரி இருக்கும். மைனஸில் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு அமைதி. 150 ஓம் மின்தடை ஒன்று அறை வெப்பத்தில் சும்மா இருக்கும்போதே -131 அளவுக்கு இரைச்சல் போடும். அதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் இறங்க முடியாது, அது இயற்கை போட்ட எல்லை. ஆகவே ஒன்று -128, இன்னொன்று -129 என்றால் அந்த ஒன்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 'ஏ-வெயிட்டட்' (காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப அளந்தது) என்று பக்கத்தில் போட்டிருந்தால் எண் இரண்டு டெசிபெல் அளவுக்கு அழகாகத் தெரியும் என்பதையும் கவனியுங்கள்.

இந்த எண்ணை அறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். -128 டிபியு இரைச்சல் உள்ள ப்ரீஆம்பில் எஸ்எம்7பி-யைச் செருகினால், அந்த உஸ் சத்தம் அறையில் 23 டெசிபெல் ஓசை இருப்பதற்குச் சமம். என்டி1-ஏ என்றால் அதைவிட எவ்வளவோ கீழே. அந்த மைக்கின் சொந்த இரைச்சலே ப்ரீஆம்பைவிட 9 டெசிபெல் அதிகம், அதுவும் மிக அமைதியான மைக் என்று பெயர் வாங்கியது. நம் வீட்டு அறைகளில் 23 டெசிபெல் எங்கே இருக்கிறது? மின்விசிறி ஓடுகிறது, முற்றத்தில் குழாய் சொட்டுகிறது, ஐப்பசியில் மழை விட்டதும் வயல் முழுக்கத் தவளை. பக்கத்து வயலில் மோட்டார் ஓடினால் அதன் உறுமல் சுவர் வழியாகவே வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபேன் ஓசை அடியில் உறுமும். ப்ரீஆம்பின் உஸ் மேலே சீறும். வீணையில் கமகம் அடங்கி நாதம் மங்கும் இடத்தில் காது அந்தச் சீற்றத்தைத் தனியாகப் பிடித்துவிடும். அதனால் வீணை, மென்குரல், தம்புரா இவைதான் உங்கள் வேலை என்றால் -125-க்கு மேலே ஏறாத பெட்டியாகப் பாருங்கள். தவிலும் நாயனமும் மட்டும் என்றால் இந்த எண்ணை மறந்துவிடலாம்.

அறைக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூடம் அழகானது, ஆனால் சிமெண்ட் தரையும் உயர்ந்த சுவரும் ஓசையைத் திருப்பி அடிக்கும். அறுவடைக்கு அப்புறம் என் அறையில் மூட்டை நிறைந்திருக்கும்போது பதிவு அடக்கமாக வருகிறது. ஆடியில் மூட்டை காலியானால் அதே அறை கிணறு மாதிரி ஒலிக்கும். அப்போது மெத்தையும் ரஜாயும் கொடியில் தொங்கும்.

ஹம்: இது ப்ரீஆம்பின் குற்றம் இல்லை

என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை உஸ் இல்லை, உம்ம்ம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும் உறுமினால் மின்சாரம் உள்ளே புகுந்திருக்கிறது. புது ப்ரீஆம்ப் வாங்கினாலும் கூடவே வரும், எனக்கு வந்தது.

கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் எர்த் விவகாரம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், உயிர் போகிற விஷயம். கோடையில் எர்த் குழி வறண்டு கிடக்கும். அதில் தண்ணீர் ஊற்றினாலே எங்கள் வீட்டில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு எலக்ட்ரீசியன் வந்தார். எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும்.

உறுமலுக்குப் பதில் சுர்ர்ரென்று கூரான சத்தமாக இருந்தால் சுவரில் இருக்கும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அல்லது அணைத்தால் நிற்கும். கரண்ட் போனபின் இன்வெர்ட்டரில் மட்டும் சத்தம் வருகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். யூஎஸ்பி-யிலேயே மின்சாரம் எடுக்கும் இண்டர்ஃபேஸ் நம் ஊருக்கு இதனால்தான் வசதி: கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் பதிவு தொடரும், பெரும்பாலும் முன்பைவிடச் சுத்தமாக.

பெட்டியில் இருக்கவேண்டிய மற்றவை

48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், கட்டாயம் வேண்டும். கண்டன்சர் மைக் அதில்தான் ஓடும். சில மலிவுப் பெட்டிகள் குறைவான வோல்ட் கொடுத்துவிட்டு 'பேண்டம்' என்று மட்டும் எழுதியிருக்கும், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதென்ன 48 கணக்கு என்றால், 1966-ல் நார்வே வானொலிக்காக நாய்மன் என்ற ஜெர்மன் கம்பெனி மைக் செய்தபோது அந்த வானொலி ஸ்டூடியோவில் அவசர விளக்குக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே பிடித்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

எத்தனை மைக் துளை? பாட்டு மட்டும் என்றால் ஒன்று போதும், ஆனாலும் இரண்டு வாங்குங்கள். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் குரலும் சேர்ந்தால் மூன்றாகிவிடும். கச்சேரி மாதிரிப் பதிவு செய்கிற எண்ணம் இருந்தால் நான்கு துளைப் பெட்டிக்கே போய்விடுங்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டாவது பெட்டி வாங்கி இரண்டையும் கோர்ப்பது தலைவலி.

வீணையில் ஒட்டும் காண்டாக்ட் மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: அதை மைக் துளையில் செருகினால் நாதம் தகரமாகிவிடும். மைக் துளையின் மின்தடை சில ஆயிரம் ஓம். அந்த ஒட்டு மைக்குக்குப் பத்து லட்சம் ஓம் வேண்டும். 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்ற பொத்தான் அதற்காகத்தான். அப்படியும் குடத்துக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி வைத்த சாதாரண மைக்கில்தான் பலாமரம் பேசுவது கேட்கும் என்பது என் அபிப்பிராயம்.

தனி ப்ரீஆம்ப் வேண்டுமா?

தனிப் பெட்டி வாங்க நியாயமான காரணம் இரண்டுதான். ஒன்று, கெயின் போதவில்லை. அதற்கு முழு ப்ரீஆம்ப்கூட வேண்டாம். கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு சின்னக் குப்பி மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து 25 டெசிபெல் ஏற்றித் தரும். ஓட அதற்குப் பேண்டம் பவர் வேண்டும், ஆனால் மைக்குக்கு அதைக் கடத்தாது. அதனால் டைனமிக், ரிப்பன் மைக்குகளுக்கு மட்டுமே.

இன்னொன்று, குணம். 1970-ல் வந்த நீவ் 1073 போன்ற ஸ்டூடியோ ப்ரீஆம்ப்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் ஓசைக்கு ஒரு தடிமனும் சூடும் ஏறும். சினிமாக் குரலுக்கு அது அழகு. தேவாரத்துக்கும் வீணைக்கும் சுத்தமான ப்ரீஆம்ப்தான் எனக்குப் பிடிக்கிறது. குணம் பாடுகிறவரிடம் இருக்கிறது. முன்பக்கம் ஆரஞ்சு வெளிச்சத்தில் வால்வு எரியும் மலிவுப் பெட்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள், பல பெட்டிகளில் அந்த வால்வு பெயருக்குத்தான்.

வாங்கினால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். புது ப்ரீஆம்பிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளை எடுத்து இண்டர்ஃபேஸின் மைக் துளையிலேயே செருகினேன். ஏற்கெனவே பெருக்கியதை மறுபடியும் பெருக்கினால் என்ன ஆகும்? மூன்று வாரம் அப்படியே பதிவு செய்தேன். இரண்டு வகைப் பின்னும் ஏற்கும் காம்போ துளையில் எக்ஸ்எல்ஆர் செருகினால் உள்ளிருக்கும் ப்ரீஆம்புக்குப் போகும். நடுவில் இருக்கும் வட்டத் துளையில் டிஆர்எஸ் என்ற ஒற்றைக் குச்சிப் பின் செருகி, 'லைன்' என்று வைத்தால்தான் அந்த இரண்டாவது பெருக்கல் தவிரும்.

கடையில் சோதிப்பது

ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் பின்னைக் கொடுத்து, 2-ஆம் முள்ளுக்கும் 3-ஆம் முள்ளுக்கும் நடுவில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். சில ரூபாய் வேலை. திருச்சிக்கோ சென்னைக்கோ பெட்டி வாங்கப் போகும்போது அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மைக் துளையில் செருகி, பேண்டம் பவரை அணைத்து, கெயினை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். ஹெட்போனில் உஸ் சத்தம் சீராக ஏறவேண்டும். கடைசிச் சுற்றில் திடீரென்று கூவினாலோ, கணினியில் மவுஸை நகர்த்தும்போது கிர்கிர் என்றாலோ அந்தப் பெட்டி வேண்டாம். குமிழின் கடைசி விரற்கடையில் பத்துப் பதினைந்து டெசிபெல் ஒரே தாவலாக ஏறுகிற பெட்டிகளும் உண்டு. மென்குரலுக்கு அளவு வைக்க முடியாமல் உயிரை வாங்கும்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவதானால் ஒரே மைக், ஒரே தூரம், ஒரே ஆள். மீட்டரில் இரண்டும் ஒரே அளவு வந்த பிறகே காதைக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும்

பேண்டம் பவர் அணைந்திருக்கும்போது கேபிளைச் செருகுங்கள், அப்புறம் போடுங்கள். கழற்றும்போது முதலில் அதை அணைத்து, அரை நிமிஷம் விட்டுப் பிடுங்குங்கள். அளவு வைக்கும்போது "ஹலோ, செக்" வேண்டாம். பாடுகிறவரை அந்தப் பாட்டிலேயே உச்சஸ்தாயி வருகிற இடத்தைப் பாடச் சொல்லி, அங்கே மீட்டர் -10-ஐத் தாண்டாதபடி குமிழை நிறுத்துங்கள். தவில்காரர் சோதனைக்கு அடிப்பதைவிடத் தனி ஆவர்த்தனத்தில் நிச்சயம் ஓங்கி அடிப்பார். அதற்கு இன்னும் ஆறு டெசிபெல் விட்டுவையுங்கள்.

பாட்டு தொடங்குமுன் யாரும் அசையாமல் பத்து வினாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். உஸ்ஸா, உம்மா, தவளையா என்று அந்தப் பத்து வினாடி சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் கண்டன்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் ஈரம் ஏறிப் பொரிகிற மாதிரி சத்தம் வரும், ப்ரீஆம்ப் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள். மூடி உள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். செல்போனுக்குச் செய்கிற மாதிரி அரிசியில் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூசு வலைக்குள் போய்விட்டால் அதை எடுக்க வழியில்லை.